ஏறாத முள்

அந்தத் தெருவில் அக்கா என்றால் ஒருத்திதான். அறுபது வயதுக்காரரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார். அவள் அவரைப் பதிலுக்கு அண்ணே என்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. கார் நின்றுபோனால் "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். கார் நிற்காமல் ஓட வேண்டுமென்றாலும் அதையேதான் சொல்வார்கள்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. பதினேழு வயதில் ஒரு பட்டறையில் மண்ணெண்ணெய் விட்டுப் பாகங்கள் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு நாள் தாங்க மாட்டாள் என்று பட்டறைக்காரர் கணக்குப் போட்டார். ஒன்பது வருஷம் கழித்து அவர் பட்டறையை மூடியபோது, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அவருடைய பெரிய வைஸை விலைக்கு வாங்கி மூன்று பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். இப்போது சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. இரண்டு கார் நிற்கும். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் சுவரைப் பார்த்தால் போதும், எது இன்னும் வீடு திரும்பவில்லை என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நகத்துக்கு அவள் ஒருநாளும் பூச்சு போட்டதில்லை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு சீசா சிவப்பு நகப்பூச்சு வாங்குவாள். அவள் தன் கையால் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும், தலையையும் அது உட்காரும் இடத்தையும் சேர்த்து ஒரு புள்ளி வைப்பாள். போல்ட்டு இம்மி தளர்ந்தாலும் புள்ளி இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். "இருபது வருஷமா என் புள்ளி பிரிஞ்சதில்ல" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். கேட்டவர்களே திரும்பக் கேட்பார்கள். அவளும் சலிக்காமல் சொல்வாள்.

தம்பி அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவனை டிப்ளமோ படிக்க வைத்தவள் அவள். சான்றிதழைச் சட்டம் போட்டு, வைஸுக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறாள். வாடிக்கையாளர் எதிரில் "என் தம்பி படிச்சவன், அவன்கிட்ட கேளுங்க" என்று நிமிர்ந்து சொல்வாள். அவர்கள் போன பிறகு, அவன் ஒரு ஸ்பேனரை இடம் மாற்றி மாட்டியிருந்தால், "டேய் டிப்ளமோ, படிச்சவன் பாட்டைக் கெடுத்தானாம்" என்று ஆரம்பித்துவிடுவாள். அவனுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். சிரித்துக்கொண்டே அதைச் சரியான இடத்தில் மாட்டுவான்.

ஒரு புதன்கிழமை காலை, கொட்டகை திறந்த கையோடு, குழந்தை டாக்டரம்மாவின் கார் வந்து நின்றது. டீசல் கார். பதினொரு வருஷமாக இங்கேதான் பார்க்கிறார்கள். டாக்டரம்மாவே ஓட்டி வந்திருந்தார். பழக்கம் போதாது என்பது, வாசல் கல்லில் சக்கரம் ஏறி இறங்கியதில் தெரிந்தது.

"அக்கா, அவரை அனுப்பி மூணு மாசம் ஆச்சு" என்றார் இறங்கியதும். "முன்னாடி மாசத்துக்கு நாலு தடவை டேங்க் நிரப்புவேன். அப்புறம் அஞ்சு ஆச்சு. அதனாலதானே அவரை நிறுத்தினேன்? இப்போ நானே ஓட்டுறேன். இப்பவும் அஞ்சுதான்."

அவர் என்றது டிரைவரை. ஒன்பது வருஷம் அந்தக் காரை ஓட்டியவர். டீசலை உறிஞ்சி விற்கிறார் என்று சந்தேகம் வந்தபோது, முதலில் வண்டியில் குறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டரம்மா இங்கேதான் அனுப்பினார். அக்கா ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள். டீசல் குழாயில் கசிவு இல்லை. ஃபில்டர் சுத்தம். டயரில் காற்று சரி. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஓட்டை இல்ல டாக்டரம்மா. ஓட்டை வேற எங்கேயோ இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். மறுநாள் டிரைவருக்கு வேலை போயிற்று.

"நீங்க ஓட்டுற ஓட்டுக்கு அஞ்சு என்ன, ஆறு கூட நிரப்பலாம்" என்றாள் அக்கா இப்போது.

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் சிரிப்பு முழுசாக வரவில்லை. "கேலி இருக்கட்டும். காலையில வெள்ளைப் புகை வருது. அப்புறம் இந்தச் சூடு காட்டுற முள். அது படுத்தே கிடக்கு. எழுந்திருக்கவே மாட்டேங்குது."

"அது நல்லதுதானே? முள் ஏறினாதான் வம்பு. படுத்திருந்தா எஞ்சின் சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்."

அந்த வார்த்தையை ஏற்கெனவே யாருக்கோ சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு லேசாகத் தோன்றியது. யாருக்கு என்று யோசிக்கவில்லை.

தம்பி மட்டும் சிரிக்காமல் நின்றான். "இல்லக்கா. எஞ்சின் சூடாகாம இருக்கிறதும் வியாதிதான். டாக்டரம்மாவுக்குத் தெரியும், உடம்பு ஜில்லுன்னு போனா அதுவும் ஆபத்துதானே?"

"இவன்கிட்ட வைத்தியம் பார்த்துக்கோங்க, நான் டீ சொல்றேன்" என்றாள் அக்கா. பெருமையும் கிண்டலும் பாதிப் பாதி.

பேனட்டைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டான். டாக்டரம்மா அடுத்த தெருவில் இருந்த தன் மருத்துவமனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எஞ்சினைப் போட்டு, ரேடியேட்டருக்கு மேலே போகிற தடித்த ஹோஸின் மீது கையை வைத்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

"எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு கதவு இருக்கு. எஞ்சின் நல்லா சூடாகிற வரைக்கும் அது மூடியே இருக்கணும். அதுவரைக்கும் இந்த ஹோஸ் ஜில்லுன்னு இருக்கும். கதவு திறந்ததும் சட்டுனு சுடும். இங்க பாருங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகல, வெதுவெதுங்குது. கதவு திறந்தே கிடக்கு. எஞ்சின் சூடாகச் சூடாக, ரேடியேட்டர் ஆற வச்சுடுது."

"அதுக்கும் டீசலுக்கும் என்ன?"

"உள்ள இருக்கிற கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் சூடாகலன்னு நினைச்சு டீசலைக் கூடுதலா ஊத்திக்கிட்டே இருக்கும். பாதி சரியா எரியாது. அதான் புகை."

அக்கா டீ டம்ளரோடு வந்தாள். "முதல்ல சூட்டைச் சொல்ற அந்தச் சென்சாரைச் சந்தேகப்படு. அது பொய் சொல்லலாம்ல?"

நியாயமான கேள்வி. கம்ப்யூட்டருக்குச் சென்சார் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரை அவன் மாட்டினான். டாக்டரம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தான். இருபது நிமிஷ ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்கேனர் ஐம்பத்தெட்டு டிகிரி என்றது. தொடாமல் சூடு பார்க்கும் கருவியை அக்காவே எடுத்து எஞ்சின் மீது பிடித்தாள். ஐம்பத்தேழு. எண்பத்தெட்டில் இருக்க வேண்டிய எஞ்சின். ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பார்த்தாள். டீசல் வாடை அடித்தது. எரியாத டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது.

தோற்றால் ஒப்புக்கொள்கிறவள்தான் அவள். "சரிடா, ஜெயிச்சுட்டே. கழட்டு. எவனோ மட்டமான சாமானைப் போட்டிருப்பான், திறந்தபடி மாட்டிக்கிச்சு."

தம்பி எஞ்சினை ஆற்றும் கூலன்ட் தண்ணீரை வடித்துவிட்டு, தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளில் ஸ்பேனர் போட்டான். அக்கா டாக்டரம்மா பக்கத்தில் நின்று டீயை ஆற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். பேச்சு வந்துவிட்டால் அவளுக்குக் கை கால் எல்லாம் பேசும்.

"ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் டாக்டரம்மா. வண்டி சூடாகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசு. வெயில் ஊருக்கு எதுக்குன்னு கேப்பானுங்க. கதவு ரிப்பேர்னா கதவைப் பிடுங்கிப் போட்டுட்டு வீட்டுல படுப்பானுங்களா?"

மூடி கையோடு வந்தது. தம்பி குனிந்து உள்ளே பார்த்தான். "உள்ள ஒண்ணுமே இல்ல. தெர்மோஸ்டாட்டே இல்ல."

"பார்த்தீங்களா! வாய் மூடல, அதுக்குள்ள ஆள் கிடைச்சுட்டான். எந்தக் கழுதை பார்த்த வேலையோ இது! இவனையெல்லாம் நடுரோட்டுல நிக்க வச்சு..."

தம்பி நிமிரவில்லை. கையிலிருந்த மூடியைத் துணியால் துடைத்தான். துடைத்த கை நடுவில் நின்றது. பிறகு துணியை அதன்மேலேயே போட்டான்.

"அக்கா, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இங்க வாயேன்."

பத்தாம் நம்பர் ஸ்பேனர் அவன் கையிலேயே இருந்தது. அவள் போனாள். அவன் துணியை ஒரு விரலால் விலக்கிக் காட்டினான். அழுக்குக்கு அடியில், மூடியின் ஓட்டையிலேயே நின்ற போல்ட்டின் தலையில் பாதியும் மூடியில் பாதியுமாக, ஒரு சிவப்புப் புள்ளி.

டீ டம்ளர் கையில் இருந்ததால் அதைப் பார்த்தாள். ஆடை கட்டியிருந்தது.

எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. போன வருஷத்துக்கு முந்தின கோடை. நடுரோட்டில் கார் கொதித்து நின்றது. மூச்சு வாங்கும் குழந்தை ஒன்றைப் பார்க்க டாக்டரம்மா போய்க்கொண்டிருந்தார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவு மூடியபடி சிக்கியிருந்தது. மாற்றுச் சாமான் கையில் இல்லை. கழற்றி எறிந்துவிட்டு, மூடியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இருபது நிமிஷத்தில் வண்டியை அனுப்பினாள். அன்று அது சரியான வேலைதான். அந்த அவசரத்திலும் புள்ளி வைக்க மறக்கவில்லை. கதவைத் திரும்ப வைக்கத்தான் மறந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

தம்பிதான் பதில் சொன்னான். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா. எப்பவோ வெளியூர்ல, வழியில யாரோ கழட்டியிருக்காங்க. புதுசு போட்டா சரியாயிடும்."

"அப்போ அந்த டீசல் எல்லாம் இதனாலதான் போச்சா?"

"இதனாலயும் இருக்கலாம்."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். "அப்போ அவரு...?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அக்காவுக்கு இடம் இருந்தது, நேரமும் இருந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "சாயங்காலம் வண்டி ரெடியாயிடும்" என்றாள்.

டாக்டரம்மா போன பிறகு, தம்பி அந்த மூடியின் பக்கமே பார்க்காமல் டயர் கடை வரை போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். டயர் கடையில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் பெயின்ட் கரைக்கும் தின்னர் டப்பாவைத் திறந்தாள். துணியை நனைத்து மூடியைக் கையில் எடுத்தாள். பழைய பூச்சு பிடிவாதமாக இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பாதிப் புள்ளி போனபோது தன் கையை அவளே பார்த்தாள். ஒரு பொய்யை இவ்வளவு சுத்தமாகச் செய்கிற கை.

வாசலில் நிழல் விழுந்தது. தம்பி. துணியையும் தின்னரையும் பார்த்தான். தின்னர் டப்பாவை மூடி அதன் இடத்தில் வைத்தான்.

"ஸ்டோருக்குப் போய் ஒரு தெர்மோஸ்டாட் வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கிட்டு வா. இரு, மூடிக்கு அடியில போடுற ரப்பர் ஓரிங் இங்கயே இருக்கு. எடுத்துத் தர்றேன், அளவுக்கு எடுத்துட்டுப் போ."

ஓரிங்குகள் மூன்றாவது இழுப்பறையில். அதைத் தேடும்போது, பின்னால் ஒதுங்கி, பிரிக்காமல் கிடந்த சின்ன அட்டைப்பெட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. மேலே அவளுடைய குண்டு குண்டான எழுத்து. டாக்டரம்மாவின் கார் நம்பர். தெர்மோஸ்டாட். அதற்குக் கீழே, "மறக்காமல் போடணும்." அந்த "மறக்காமல்" அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

தம்பி அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

"விடுக்கா. மனுசங்கதானே நாம? யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

"நான் யாரு? உன் தம்பிதானே?"

"அதான்டா. நீ வாயைத் திறந்து பொய் சொன்னே பாரு, எனக்காக. நான் பக்கத்துல நின்னு டீ குடிச்சேன்." கொஞ்ச நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸ்பேனரை மாத்தி மாட்டினதுக்கு உன்னை எத்தனை நாள் திட்டியிருக்கேன்?"

"எண்ணலை."

"நான் எண்ணியிருக்கணும்."

அந்தக் கோடையிலேயே வாங்கி வைத்த சாமான் இத்தனை நாள் கிடந்ததால் சோதிக்காமல் போட அவளுக்கு மனசு வரவில்லை. டீ போடும் அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியையும் இறக்கினாள். அறுபது. எழுபது. கதவு அசையவில்லை. எண்பதில் தண்ணீரின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின. எண்பத்தெட்டில், யாரோ மெதுவாகக் கண் விழிப்பதுபோல அது திறந்தது. கம்பியைத் தூக்கினாள்; ஆறியதும் மூடிக்கொண்டது.

அப்போதுதான், எஞ்சின் சந்தோஷமா இருக்கு என்ற அந்த வார்த்தையை முதலில் யாரிடம் சொன்னாள் என்பது ஞாபகம் வந்தது. டிரைவரிடம். கழற்றிய அந்தக் கோடைக்குப் பிறகு ஒரு நாள், ஆயில் மாற்ற வந்தவர், இதே இடத்தில் நின்று, "அக்கா, முள் ஏறவே மாட்டேங்குது, ஒரு தடவை பாருங்களேன்" என்றார். "ஏறினாதான் வம்பு அண்ணே. உங்களுக்கு எஞ்சின் சந்தோஷமா இருந்தா பிடிக்காதா?" என்றாள். கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார், வேறென்ன செய்வார்?

அவளே மாட்டினாள். அவளே இறுக்கினாள். நகப்பூச்சு சீசாவைத் திறந்தாள், பாதி அழிந்த பழைய புள்ளியைப் பார்த்தாள், புதுசாக ஒன்றும் வைக்காமல் மூடினாள். கூலன்ட் ஊற்றிக் காற்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது, பத்தாவது நிமிஷத்தில் முள் எழுந்து வந்து நடுவில் நின்றது. கோணல் இல்லாமல், அசையாமல்.

சாயங்காலம் காரை டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கு அவளே ஓட்டிப் போனாள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். டோக்கன் வாங்கி, அழுகிற பிள்ளைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு குழந்தை அவளுடைய கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணுக்குத் தப்பிக்கக் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது டோக்கன். உள்ளே போய் நின்றபடியே சொன்னாள். கழற்றியது, மறந்தது, பெட்டி, தம்பி சொன்ன பொய், டிரைவர் முன்பே சொல்லியும் தான் கேட்காதது. எதையும் சுருக்கவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஓட்டை வேற எங்கேயோன்னு அன்னிக்கு நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"தெரியும்."

"ஆனா அனுப்பினது நான். ஒன்பது வருஷம் பார்த்த ஆளு. நானே நம்பியிருக்கணும்." பேனாவைக் கையில் எடுத்தபடி, "நான் கூப்பிட்டா வருவாரா?"

"முதல்ல நான் போய்ச் சொல்றேன். அதுக்கப்புறம் நீங்க கூப்பிடுங்க. வண்டியை ஒரு மணி நேரம் எடுத்துட்டுப் போறேன்."

டிரைவர் இப்போது ஒரு நாற்காலிக் கிடங்கின் வாசலில் காவல் வேலை பார்த்தார். வேலை முடிந்து, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவர், பழகிய காரின் சத்தம் கேட்டு நின்றார். சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டுவிட்டார். ஆனால் ஓட்டி வந்தவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

அக்கா இறங்கிச் சொன்னாள். மருத்துவமனையில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. குறுக்கிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சொன்னேனே அக்கா" என்றார் கடைசியில்.

"சொன்னீங்க."

"சிரிச்சீங்க."

"சிரிச்சேன் அண்ணே."

அவர் காரின் பக்கம் வந்தார். கதவைத் திறந்து, டாக்டரம்மா முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த சீட்டைத் தன் அளவுக்குப் பின்னால் தள்ளினார். உட்கார்ந்தார். எஞ்சின் அதற்குள் சற்று ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா வெளியே நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முள் மெல்ல மெல்ல ஏறி நடுவில் நின்றது. இன்னும் இரண்டு நிமிஷம் பார்த்தார், இறங்கிவிடுமோ என்று சோதிப்பதுபோல.

"நின்னுடுச்சு" என்றார்.

"டாக்டரம்மா உங்களைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். அதை அப்புறம் பார்க்கலாம்." எஞ்சினை அணைத்தார். சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க எங்க வீட்டுக்கு வரணும். என் பொண்டாட்டி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல. ஆனா இந்த மூணு மாசமா, நான் சட்டையைக் கழட்டிப் போட்டா, முதல்ல அதை எடுத்து மோந்து பார்க்கிறா. டீசல் வாடை இருக்கான்னு."

அக்கா சரி என்று தலையை அசைத்தாள்.

வீடு மூன்றாவது மாடியில். படிக்கட்டில் விளக்கு இல்லை. அவர் முன்னால் ஏறினார். அவள் பின்னால், ஒவ்வொரு படியையும் காலால் தடவிக்கொண்டு. கதவைத் திறந்தவள் தோளில் ஈரத் துண்டோடு நின்றாள். கணவரைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் நின்ற கறுத்த கைக்காரியைப் பார்த்தாள்.

"யாருங்க இவங்க?"

"மெக்கானிக் அக்கா. உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்றார் டிரைவர், ஒதுங்கி வழி விட்டபடி.

அக்கா செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். கையை மறைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டு டீசல் எடுக்கல தங்கச்சி" என்றாள். "எடுத்தது நான்தான். எப்படின்னு சொல்றேன், உக்காருங்க."